பயம் வரும் நாளில் என்ன செய்வோம்?





மும்பையிலுள்ள எங்கள் சபையின் வாசலருகே ஜெப விண்ணப்பங்களைப் போடுவதற்கென்று ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசக் கூட்டத்திற்கு முன்பாக அதைத் திறந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பது வழக்கம். வேலைக்காக, கடன் தீர, மகளின் திருமணத்திற்காக, ஊரிலிருக்கும் தாயாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காக, வளைகுடா விசாவுக்காக என்று சீட்டுகள் வந்துகொண்டேயிருக்கும். இத்தனை ஆண்டுகளில், "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று எழுதப்பட்ட சீட்டை நான் இரண்டே முறைதான் கண்டிருக்கிறேன். இரண்டிலும் பெயர் இல்லை.

அப்படியானால் நம்முடைய வீடுகளில் பயமில்லையா? இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தால், அதை எடுப்பதற்குள் ஊரில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நம் மனம் திருநெல்வேலிக்குப் போய்விடுகிறது. இரவுப் பணி முடித்து வரும் மகள் வீடு சேரும்வரை தாய் விழித்திருக்கிறாள். பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது என்றால் பத்தாம் மாதத்திலேயே தூக்கம் போய்விடுகிறது. தாராவியில் குடியிருக்கும் நம் ஜனங்களுக்கோ, மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு வந்த நாள் முதல் மற்றொரு பாரம். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பே இங்கிருந்தோம் என்பதற்குக் காகிதம் வேண்டும். மாடி அறையில் குடியிருப்பவருக்கு என்ன கிடைக்குமோ என்கிற கேள்வியும் உண்டு. மழைக்காலம் வந்தால் 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஐ நினையாத குடும்பம் எங்கள் சபையில் இல்லை. அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி நதி பெருகி வீடுகளுக்குள் புகுந்தது. அன்று பரணின்மேல் இராமுழுவதும் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். ஆயினும் கனமழை பெய்தால் எழுந்து கதவின் கீழே தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

பயம் இருக்கிறது. சீட்டுதான் எழுதப்படுவதில்லை.

இதைக் குறித்து எழுதும்படி ஆசிரியர் கேட்டபோது நான் தயங்கினேன். காரணம், இந்தக் காரியத்தில் நான் ஒரு ஆத்துமாவுக்குத் தீங்கு செய்தவன். அதை மறைத்துவைத்துக்கொண்டு உங்களுக்கு ஆலோசனை எழுத என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. அந்தச் சகோதரரிடம் கேட்டேன். பெயரை விட்டுவிட்டு எழுதுங்கள் பாஸ்டர், யாருக்காவது பிரயோஜனமாயிருக்கும் என்றார்.

அந்த ஜூலை மாதத்து மாலை

2006-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரம். மும்பையின் மேற்கு ரயில் பாதையில் ஓடிக்கொண்டிருந்த மின்சார ரயில்களின் முதல் வகுப்புப் பெட்டிகளில், 11 நிமிட நேரத்திற்குள் 7 குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள்.

எங்கள் சபையில் ஆராதனைக்கு டிரம்ஸ் வாசிக்கும் சகோதரர் ஒருவர் அப்போது மாலாடில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அன்று அவர் ஏறிய வண்டி எதிர்த்திசையில், தெற்கு நோக்கி வந்தது. நடுவழியில் நின்றுவிட்டது. எல்லாரும் குதித்துத் தண்டவாளத்தின் ஓரமாக நடந்தார்கள். ஜோகேஸ்வரி அருகே அவர் கண்டதை இன்றுவரை என்னிடமும் முழுமையாகச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நள்ளிரவுக்குமேல் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். கையில் யாரோ ஒருவருடைய சாப்பாட்டுப் பை இருந்தது. அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே மின்சார ரயில்கள் ஓடின. ஜனங்களும் ஏறினார்கள். மும்பையின் மனத்திடத்தைப் புகழ்ந்து பத்திரிகைகள் எழுதின. அது மெய்தான். ஆனால் மாதவாடகை கொடுக்க வேண்டியவன் ரயிலேறாமல் வேறென்ன செய்வான் என்பதை யாரும் எழுதவில்லை. எங்கள் சகோதரர் மாகிம் நிலையத்தின் படிக்கட்டுவரை போய்த் திரும்பி வந்தார். மறுநாளும் அப்படியே. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, செத்துப்போவேன் போலிருக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னார்.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. வேதாகமக் கல்லூரியில் கற்றதும் ஊழியத்தில் கண்ட சில அற்புதங்களும் சேர்ந்து, எதற்கும் என்னிடம் பதில் உண்டு என்று எண்ணிக்கொண்டிருந்த வயது. "பிரதர், இது பயமுள்ள ஆவி. விசுவாசி இதற்கு இடங்கொடுக்கக் கூடாது" என்றேன். ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் பயத்தைக் குறித்துப் பிரசங்கித்து, அவரை முன்னால் அழைத்து, கை வைத்து ஜெபித்தேன். சபையே எழுந்து நின்று சத்தமிட்டு ஜெபித்தது. அவர் அழுதார். பின்பு ஒலிபெருக்கியை வாங்கி, கர்த்தர் எனக்கு விடுதலை தந்தார், நாளைக் காலை ரயிலில் போகிறேன் என்று சாட்சி சொன்னார். நாங்கள் கைதட்டி ஸ்தோத்திரம் செய்தோம்.

ஆறு மாதம் கழித்து அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியின் முன்பாக ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். துவைப்பதற்குமுன் கணவருடைய கால்சட்டைப் பைகளிலிருந்து எடுத்துச் சேர்த்த பேருந்துச் சீட்டுகள், நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றோடு மாதாமாதம் வாங்கப்பட்டு ஒருநாள்கூடப் பயன்படாத ரயில் பாஸ்கள். அந்தச் சகோதரர் அதிகாலை ஐந்தரைக்கே புறப்பட்டு, பேருந்து மாறி மாறி, நெரிசலில் இரண்டரை மணி நேரம் பயணம் செய்து மாலாடுக்குப் போயிருக்கிறார். மழை நாட்களில் நேரத்திற்குச் சேர முடியவில்லை. தாமதம் கூடிக் கூடி, அந்த வாரம் வேலை போய்விட்டது. மனைவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்று இரவே நான் அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன்: "சபைக்கு முன்பாகச் சாட்சி சொல்லிவிட்டேனே, பாஸ்டர். அதற்குப்பிறகு எப்படி வந்து சொல்வது? உங்கள் ஊழியத்திற்கல்லவா கெட்ட பெயர்?"

அவர் ஆறு மாதமாகத் தன் பயத்தையும் சுமந்து, என் பெயரையும் சுமந்திருக்கிறார். விசுவாசக் குறைவு அவரிடத்தில் இருந்ததா, என்னிடத்தில் இருந்ததா?

துரோவாவில் திறந்திருந்த வாசல்

வீடு திரும்பி வேதத்தைத் திறந்தேன். நான் பிரசங்கித்த வசனத்திலிருந்தே ஆரம்பித்தேன். 2 தீமோத்தேயு 1:7-இல் பவுல் எழுதும் கிரேக்கச் சொல் 'டெய்லியா'. கோழைத்தனம் என்பது அதன் பொருள். பயம் என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் வழக்கமாக வரும் 'ஃபோபோஸ்' என்ற சொல் அங்கே இல்லை. அடுத்த வசனத்தையும் வாசித்தால், சிறையிலிருக்கும் பவுலைக் குறித்தும் கர்த்தரைப் பற்றிய சாட்சியைக் குறித்தும் வெட்கப்பட்டுப் பின்வாங்காதே என்பதே அங்கே பேச்சு என்று விளங்கும். ரயில் நிலையப் படிக்கட்டில் மூச்சடைத்து நிற்பவனை அந்த வசனத்தால் அடிக்க எனக்கு அதிகாரமில்லை. கல்லூரியில் இதைத்தான் படித்தேன், பரீட்சையும் எழுதினேன். ஊழியத்தின் வேகத்தில் மறந்துபோனேன்.

(இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பயப்படாதே என்கிற வார்த்தை வேதத்தில் நாளுக்கு ஒன்றாக 365 முறை வருகிறது என்று நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை ஒத்தவாக்கிய அகராதியை வைத்து எண்ணினேன், அவ்வளவு வரவில்லை. வசனங்கள் ஏராளம் இருக்க, இல்லாத கணக்கு நமக்கெதற்கு?)

பின்பு பவுலையே பார்த்தேன். பிலிப்பியர் 4:6-இல் எதைக் குறித்தும் கவலைப்படாமல் எல்லாவற்றையும் ஜெபத்தில் தேவனுக்குத் தெரிவிக்கும்படி சொல்லுகிறவர் அவர்தானே. அந்தப் பவுல் 2 கொரிந்தியர் 11:28-இல், எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் அழுத்துவதாக எழுதுகிறார். இரண்டு இடங்களிலும் மூலபாஷையில் ஒரே வேர்ச்சொல்தான் வருகிறது. அப்படியானால் அப்போஸ்தலன் தன் கட்டளையைத் தானே மீறினாரா? அப்படி நான் நினைக்கவில்லை. கவலையே வராத மனிதனுக்கு, அதைத் தேவனிடம் கொண்டுபோ என்று சொல்லவேண்டிய அவசியமில்லையே.

அதைக்காட்டிலும் என்னைத் தொட்டது 2 கொரிந்தியர் 2-ஆம் அதிகாரத்தின் 12, 13 வசனங்கள். பவுல் துரோவாவுக்கு வருகிறார். சுவிசேஷம் அறிவிக்கக் கர்த்தரே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். ஓர் ஊழியக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் தீத்துவை அங்கே காணவில்லை. கொரிந்து சபைக்கு என்ன ஆயிற்றோ, தீத்து என்ன செய்தி கொண்டுவருவானோ என்று ஆவியில் அமைதியில்லை. ஆகவே திறந்த வாசலை விட்டுவிட்டு மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுப் போகிறார். இது நம் சபைகளில் ஒரு பாஸ்டர் செய்திருந்தால் நாம் என்னவெல்லாம் பேசுவோம்! பவுலோ இதை மறைக்காமல், தன்னைக் குறைகூறிக்கொண்டிருந்த அதே சபைக்கு எழுதுகிறார்.

கதை அங்கே முடியவில்லை. 7-ஆம் அதிகாரம் 5, 6 வசனங்களுக்கு வாருங்கள். மக்கெதோனியாவிலும் இளைப்பாறுதல் இல்லை. வெளியே போராட்டம், உள்ளே பயம் என்கிறார். உள்ளே பயமிருந்தது என்று எழுதுவது யார்? பிலிப்பி சிறைச்சாலையில் நள்ளிரவில் பாடினவர். சரி, தேவன் அவரை எப்படித் தேற்றினார்? பூமியதிர்ச்சியாலா, தரிசனத்தாலா? தீத்து வந்து சேர்ந்ததினாலே தேவன் தன்னைத் தேற்றினார் என்கிறார். தூசி படிந்த கால்களோடு ஒரு சகோதரன் வாசலில் வந்து நின்றான்; அதுவே தேவனுடைய ஆறுதலாயிற்று.

நான் என் சகோதரருக்குத் தீத்துவாக இருந்திருக்க வேண்டும். நானோ அவருக்கு மேடை போட்டேன்.

நம் ஆண்டவரையும் பாருங்கள். கெத்செமனேயில் அவர் திகிலடைந்து வியாகுலப்பட்டதாக மாற்கு 14-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அவர் தம்முடைய கலக்கத்தைச் சீஷர்களுக்கு மறைக்கவில்லை. மூவரை அழைத்துக்கொண்டு போய், தம் ஆத்துமாவின் துக்கத்தை வாய்திறந்து சொல்லி, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் தூங்கிவிட்டது வேறு காரியம்.

நாம் அனைவரும் மதிக்கும் பிரசங்கியார் ஸ்பர்ஜன் அவர்களுடைய வாழ்க்கையில் ஒரு சம்பவம் உண்டு. 1856-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி இரவு, இலண்டனில் சர்ரே கார்டன்ஸ் இசை மண்டபத்தில் அவர் பிரசங்கிக்கையில், யாரோ தீ என்று பொய்யாகக் கூச்சலிட்டார்கள். நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது. சில நாட்கள் அவரால் பிரசங்கிக்க முடியாமற்போயிற்று. அதன் நடுக்கமும், மனச்சோர்வும் ஆயுள் முழுவதும் அவரை அவ்வப்போது வந்து பிடித்தன. அதை அவர் தம் ஜனங்களுக்கு ஒளிக்கவில்லை. அவருடைய பிரசங்கங்களிலிருந்து நாம் மேற்கோள் காட்டுகிறோம். இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

சூரைச்செடியின் கீழே

பெந்தெகொஸ்தே சபைகளாகிய நமக்கு 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரம் மிகவும் பிரியம். கர்மேல் பர்வதம், வானத்திலிருந்து இறங்கிய அக்கினி, பெருமழையின் இரைச்சல். எத்தனை உபவாசக் கூட்டங்கள் அதன்மேல் நடந்திருக்கின்றன! 19-ஆம் அதிகாரத்தில் அதே எலியா, யேசபேல் அனுப்பிய ஒரு செய்தியைக் கேட்டு உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டுத் தனியே வனாந்தரத்திற்குள் போகிறார். பயம் மனிதனுக்குச் செய்கிற முதல் காரியம் இதுதான், அவனைத் தனியனாக்குகிறது. சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாகவேண்டும் என்கிறார்.

அங்கே தேவன் என்ன செய்தார் என்பதை நிதானமாய் வாசியுங்கள். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. நேற்றுத்தானே அக்கினியைக் கண்டாய், இன்று இப்படியா என்று கேட்கவுமில்லை. தூங்கவிட்டான். தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டான். இரண்டாந்தரமும் போஜனங்கொடுத்து, பிரயாணம் நீண்டதாயிருக்கிறது என்று மட்டும் சொன்னான். தேவன் எலியாவோடு பேசினது அதற்கு 40 நாட்களுக்குப் பின்பு, ஓரேபிலே. அங்கேயும் மெல்லிய சத்தத்தில் பேசினார். கடைசியாக, தனியனாய் வந்தவனுக்கு எலிசாவைத் துணையாகக் கொடுத்தார்.

சரீரத்தைப் படைத்தவர் சரீரத்தின் வழியாகவும் குணமாக்குகிறார். இதை விசுவாசிகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாரடைப்பு வந்தால் உடனே ஆம்புலன்சை அழைக்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரை உட்கொள்கிறோம். மனநல மருத்துவர் என்றவுடன் மட்டும் விசுவாசம் குறுக்கே வருகிறது. பவுலின் பயணத்துணையாயிருந்த லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14). அடிக்கடி பலவீனப்பட்ட தீமோத்தேயுவுக்குப் பவுல் வயிற்றுக்கு ஏற்ற மருந்தைச் சொன்னாரேயொழிய, உனக்கு விசுவாசம் போதாது என்று எழுதவில்லை (1 தீமோத்தேயு 5:23).

நெஞ்சு படபடப்பு, மூச்சுத்திணறல் வந்தால் முதலில் இருதயத்தைப் பரிசோதியுங்கள். அது நன்றாயிருக்கிறது என்று தெரிந்தபின்பும் தொடருமானால், அல்லது தூக்கமின்மையும் திகிலும் வாரக்கணக்கில் வேலையையும் குடும்பத்தையும் கெடுக்குமானால், மனநல மருத்துவரிடம் போவதற்கு வெட்கப்படாதிருங்கள். மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 'டெலி-மானஸ்' சேவையின் எண் 14416. இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பாஷை தெரியாத ஊரில் பயத்தை இந்தியிலே விளக்கத் தெரியாமல் தவிக்கும் நம் ஜனங்களுக்கு இது பெரிய உதவி. மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைச் சாட்சி சொல்வதற்காக நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தச் சொல்லும் ஊழியர் யாராயிருந்தாலும், நானாகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.

கவலைகளிலும் இருவகை உண்டு. கையில் வேலையுள்ள கவலை ஒன்று. வேலையே இல்லாத கவலை மற்றொன்று. கணக்கெடுப்புக்குக் காகிதம் வேண்டும் என்பது முதல் வகை. அதற்கு ஜெபித்துவிட்டுப் பழைய மின்கட்டண ரசீதைத் தேடவேண்டும். தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்திற்குப் போகவேண்டும். வீட்டை இடித்தபின் பிள்ளைகள் தெருவில் நிற்பார்களோ என்று நள்ளிரவில் ஓடும் படம் இரண்டாவது வகை. அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. தேவனுடைய கையில் வைக்கத்தான் முடியும். லூக்கா 12:29-இல் ஆண்டவர் உணவையும் பானத்தையும் பற்றிப் பேசுகையில் ஓர் அபூர்வமான சொல் வருகிறது. நிலத்தில் காலூன்றாமல் ஆகாயத்தில் தொங்குகிற நிலையை அது குறிக்கும். ஊரிலும் இல்லாமல் இங்கேயும் வேர்விடாமல் வாழும் நமக்கென்றே சொன்னதுபோலிருக்கிறது! தொங்குகிறவனுக்குத் தரை வேண்டும். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் முடிவில் அவர் காட்டும் தரை ஒரு நாளின் அளவுதான். அன்றன்றைய பாடு அன்றன்றைக்கு.

இரவில் விழிப்பு வந்தால் கைப்பேசியை எடுக்காதிருங்கள். அழிவு வருகிறது, இன்ன மாதத்தில் மரணம் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தீர்க்கதரிசனங்களால் தூக்கமிழந்தவர்களை நான் அறிவேன். பயத்தை விற்றுக் காணிக்கை வாங்குகிறவர்கள் தேவனுக்குக் கணக்கு ஒப்புவிப்பார்கள். எழுந்து உட்கார்ந்து, பயத்தை அதன் பெயரைச் சொல்லி, நம் தாய்மொழியில், வாய்திறந்து ஆண்டவரிடம் சொல்லுங்கள். 56-ஆம் சங்கீதத்தில் தாவீது அதைத்தான் செய்கிறார். பயமில்லை என்று சாதிக்கவில்லை, பயப்படும் நாளில் யாரை நம்புவேன் என்று சொல்லுகிறார். விடிந்தபின் அதே வார்த்தைகளை ஒரு மனிதரிடமாவது சொல்லுங்கள்.

ஒரே ஒரு ஸ்டேஷன்

சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டேன். சபைக்கு முன்பாக என் தவறை அறிக்கையிட எனக்கு மேலும் ஐந்து வாரம் ஆயிற்று. ஜனங்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்கும் பயமாயிருந்தது. அறிக்கையிட்ட ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே நான்கு பேர் தனித்தனியே வந்து, தங்களுக்கும் இப்படியிருக்கிறது என்றார்கள். அவர்களில் ஒருவர் சபையின் மூப்பர்.

மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்கு அவரோடு நான் போனேன். மருத்துவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவரல்லர். பொறுமையாய்க் கேட்டார். சரீரத்திலுள்ள அபாயமணி ஒருமுறை பலமாய் அடித்தபின் நிற்கத் தெரியாமல் அடித்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். பயம் உச்சத்துக்கு ஏறும்போது ஓடிவிட்டால் அது பலப்படும். ஓடாமல் நின்றால் சற்று நேரத்தில் தானாகவே இறங்கும் என்றார். சில மாதங்களுக்கு மாத்திரை கொடுத்தார். படிப்படியாகச் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தார். முதல் வாரம் நடைமேடையில் நின்றுவிட்டுத் திரும்புவது. அடுத்து, கூட்டமில்லாத நண்பகலில் ஒரே ஒரு ஸ்டேஷன்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு மாகிமில் ஏறினோம். அவருடைய சட்டை நனைந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. நான் ஜெபிக்க ஆரம்பித்தேன். "பாஸ்டர், இங்கே அந்நியபாஷை வேண்டாம், எல்லாரும் பார்ப்பார்கள். சும்மா பக்கத்தில் நில்லுங்கள், போதும்" என்றார். நின்றேன். சில நிமிடங்களில் பாந்த்ரா வந்தது. இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பினோம். பதினாறு செவ்வாய்க்கிழமைகள் அப்படிப் போனோம். சாந்தாகுரூஸ்வரை போன வாரத்திற்கு அடுத்த வாரம் படிக்கட்டிலிருந்தே திரும்பிவந்ததும் உண்டு. அந்த ஆண்டின் இறுதியில் அந்தேரியில் அவருக்கு வேலை கிடைத்தது, ரயிலில் போனார். இன்றும் ஜூலை 11 அன்று அவர் ரயிலேறுவதில்லை, விடுப்பு எடுத்துக்கொள்கிறார். நாங்கள் யாரும் அதைக் குறித்து ஒன்றும் சொல்வதில்லை.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் என் முறை வந்தது. கொரோனாவின் இரண்டாம் அலையில் ஐந்து வாரத்திற்குள் சபையிலும் உறவிலுமாக ஆறு பேரை இழந்தோம். இரவில் தொலைபேசி ஒலித்தாலே என் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. மூச்சு அடைத்தது. இ.சி.ஜி. எடுத்தார்கள், குறை ஒன்றுமில்லை. பின்பு மருத்துவர் சொன்னவற்றை நான் முன்னமே கேட்டிருந்தேன், 2007-ஆம் ஆண்டில், இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

ஆறாவது மரணம் எங்கள் மூப்பருடையது. அடக்க ஆராதனைக்குப் போக உடுத்திக்கொண்டு, முகக்கவசம் அணிந்து, வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாசற்படியைத் தாண்ட என் கால் எழும்பவில்லை. என் மனைவி யாருக்குத் தொலைபேசி செய்தாள் என்று எனக்குத் தெரியாது. பொதுமக்களுக்கு ரயில் இல்லாத நாட்கள் அவை. கால்மணி நேரத்தில் அந்தச் சகோதரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார். ஒன்றும் விசாரிக்கவில்லை, ஜெபிக்கவுமில்லை. இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டினார்.

"கல்லறைத் தோட்டத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம், பாஸ்டர். தெருமுனைவரைக்கும் போவோம். ஒரே ஒரு ஸ்டேஷன்."

நான் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டேன்.